பிக்கப் டிரக்கின் இரும்பு முன்பம்பர்: பொருத்தம் அருமை, முதல் பூச்சு குறை

சஸ்பென்ஷனை உயர்த்திப் பெரிய டயர்கள் மாட்டிய என் பிக்கப் டிரக்குக்கு, விஞ்ச் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் சுழலுருளை) தாங்கக்கூடிய இரும்பு முன்பம்பர் ஒன்றைச் செய்து தரும்படி ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வண்டியை விட்டேன். வேலை முடிந்து பத்து மாதங்கள் ஆகின்றன. ஒரு மழைக்காலத்தையும் கல்லும் சேறுமான பல பாதைகளையும் அந்தப் பம்பர் பார்த்துவிட்டது. அதனால் புது வண்ணத்தின் மினுமினுப்பில் மயங்காமல் இப்போது எழுத முடிகிறது.

பட்டறையின் தலைமை மேஸ்திரி முதல் நாள் இரும்பைத் தொடவே இல்லை. பழைய பம்பரைக் கழற்றி, சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் இரு முனைகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, அளவெடுத்தார். இடப்பக்க முனை வலப்பக்கத்தைவிட 4 மி.மீ. முன்னால் நீண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சேஸிஸையே நம்பிப் பொருத்தியிருந்தால் பம்பர் கோணலாகத் தெரிந்திருக்கும். பம்பரைச் சேஸிஸோடு பிணைக்கும் தாங்கு தகடுகளில் நீள்துளைகள் இட்டு, பானெட்டின் விளிம்புக்கு இணையாகப் பம்பரை நகர்த்திப் பூட்டும்படி அவர் வழி செய்தார். பிறகு தடித்த அட்டையில் முழு பம்பரையும் வெட்டி ஒட்டி, வண்டியின் முகத்தில் வைத்துக் காட்டினார். அட்டையிலேயே மூன்று முறை திருத்தினோம்.

பம்பருக்கும் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தை மூடும் பாடித் தகடு) இடையிலான இடைவெளி பற்றி எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. பார்வைக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று 8 மி.மீ. கேட்டேன், அவர் 18 மி.மீ. வேண்டும் என்றார். "பாடி ரப்பர் புஷ் மேல உட்கார்ந்திருக்கு சார், பம்பர் சேஸிஸோட போகும். ரெண்டும் ஒண்ணா அசையாது," என்று சொன்னவர், சொல்லோடு நிறுத்தவில்லை. ஒரு முன்சக்கரத்தை மட்டும் உயரமான கட்டையின் மேல் ஏற்றிவிட்டு, அட்டைக்கும் ஃபெண்டருக்கும் இடையே அளவுகோலை நுழைத்துக் காட்டினார். 18 மி.மீ. இருந்த இடத்தில் 11 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தது. நான் கேட்ட இடைவெளியில் 1 மி.மீ.தான் மிஞ்சியிருக்கும்; கரடுமுரடான பாதையின் குலுக்கலில் இரும்பு ஃபெண்டரைக் கிழித்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது அவருக்கு எளிது. அதைச் செய்யாமல் மறுத்ததற்காகவே இந்தப் பட்டறையின் மேல் மதிப்பு கூடியது.

வெளித்தகடு 4 மி.மீ., தாங்கு தகடுகள் 8 மி.மீ., இழுவை ஷேக்கிள் (இழுகயிறு கோக்கும் U வடிவக் கொளுவி) மாட்டும் காதுகள் 20 மி.மீ. தடிமன். அந்தக் காதுகளை முன்தகட்டின் மேல் வெறுமனே ஒட்டவில்லை. தகட்டில் துளையிட்டு உள்ளே செலுத்தி, பின்னாலுள்ள தாங்கு தகட்டோடு இருபுறமும் வெல்டு வைத்தார்கள். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது விசை முழுவதும் சேஸிஸுக்கே போக வேண்டும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. பாகங்கள் அனைத்தையும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்து நிறுத்தி, பிறகு இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சிறு சிறு நீளங்களாக வெல்டு செய்ததால், வெப்பத்தில் தகடு முறுக்கிக்கொள்ளவில்லை. வெளிமூலைகளை வழவழப்பாக அரைத்தால் வெல்டின் கனம் குறையும் என்பதால், அரைப்பதற்கு முன்பே உட்புறமும் ஒரு வரி வெல்டு ஓட்டியிருந்தார்கள்.

விஞ்ச் இல்லாமல் பம்பரின் எடை 62 கிலோ. விஞ்சும் சேர்ந்த பிறகு வண்டியின் முகம் ஏறத்தாழ 10 மி.மீ. தாழ்ந்தது. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியில் குறையில்லை; நீண்ட ஏற்றத்திலும் எஞ்சின் சூடேறவில்லை. ஆனால் இரும்புப் பம்பர் மோதலின்போது தொழிற்சாலைப் பம்பரைப் போல நடந்துகொள்ளாது என்பதையும், ஏர்பேக் விரியும் நேரம் மாறக்கூடும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொன்னார்கள்.

குறை பூச்சில்தான். ஐந்தாம் மாதத்தில் இடப்பக்கப் பனிவிளக்குத் துளையின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. நகத்தால் நெருடியபோது பவுடர் கோட்டிங் (பொடியாக அடித்து அடுப்பில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) தோல்போல உரிந்து வந்தது. அடியில் இரும்பின் இயல்பான நிறம் இல்லாமல், நீலம் கலந்த சாம்பல் நிறப் படலம் மின்னியது. ஆக்சிஜன் செலுத்தி லேசரில் வெட்டும்போது வெட்டுமுகத்தில் படியும் ஆக்சைடு அது. அதை அரைத்து எடுக்காமல் எந்தப் பூச்சு பூசினாலும் பிடிக்காது. விளிம்புகளும் கூராகவே விடப்பட்டிருந்தன. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் பவுடர் உருகும்போது கூர்விளிம்பிலிருந்து விலகி, அங்கே மிக மெல்லியதாகிவிடும். உட்புற மூலைகளிலோ பவுடர் போய்ச் சேரவே இல்லை. அத்தனை கவனத்துடன் வெல்டு செய்தவர்கள் கடைசி நாளில் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்பது வருத்தமாக இருந்தது.

படங்களைக் காட்டியதும் தட்டிக்கழிக்காமல் பம்பரைக் கழற்றினார்கள். முழுவதையும் மணல் வீச்சில் வெறும் இரும்பாக்கி, விளிம்புகளை உருட்டி, உள்மூலைகளில் முதலில் கவனம் செலுத்தித் துத்தநாகப் பவுடர் பிரைமர் அடித்து, அதன் மேல் கறுப்புப் பூச்சு கொடுத்தார்கள். கீழ்த்தட்டில் தண்ணீர் வடிய இரண்டு துளைகளும் இட்டார்கள். இவை முதலிலேயே இருந்திருக்க வேண்டும். ஒன்பது நாட்கள் வண்டியில்லாமல் இருந்தேன், கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. அதன்பின் ஐந்து மாதங்களாகத் துரு தலைகாட்டவில்லை. கல் தெறித்த இரண்டு இடங்களில் மட்டும் பூச்சு பெயர்ந்தது. அவற்றை உடனே தேய்த்து வண்ணம் தொட்டுவிட்டேன்.

பின்பம்பரையும் இதே பட்டறையில்தான் கொடுத்திருக்கிறேன். பவுடர் அடிக்கும் முன், மணல் வீச்சு முடிந்த வெறும் இரும்பை நான் விரலால் தடவிப் பார்த்த பிறகே அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.