மூலத்துக்குள் மூலம்: வர்க்கப்படுத்துவதா, பெயர் வைப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. பக்கத்து வீட்டு ஆயாவின் பேரனும் அதே வகுப்புதான். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் எழுத்து படித்துவிட்டு, மாலையில் இருவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட உட்காருவார்கள். எழுத்துப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, தெரியாத எண்ணுக்கு ப, ம என்று தமிழ் எழுத்தையே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே பதினோராம் வகுப்பில் வர்க்கமூலம் வரும் சமன்பாடுகள் பாடத்திலேயே உண்டு. மூலத்துக்குள் மூலம் வரும் புதிர்கள் அதற்கு ஒரு படி மேலே. இவற்றை எந்த வழியில் சொல்லிக் கொடுப்பது என்று நான் முடிவு செய்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் இரண்டு பிள்ளைகளும் இரண்டு வழியில் போனார்கள். அந்த முடிவுக்குக் காரணமான கணக்கு இதுதான். ப ஒரு முழு எண்.

√(ப + √(ப + 4)) = 4

பையன் போனது எல்லோரும் போகிற வழி: இருபுறமும் வர்க்கப்படுத்தினான். ப + √(ப + 4) = 16. மூலத்தைத் தனியே நிறுத்தினான்: √(ப + 4) = 16 − ப. மறுபடி வர்க்கப்படுத்தினான். ப + 4 = 256 − 32ப + ப². ஒரு பக்கம் சேர்த்தால் ப² − 33ப + 252 = 0. பிறகு 252ஐக் காரணிகளாகப் பிரிக்க உட்கார்ந்தான். 4 × 63, 7 × 36, 9 × 28 என்று ஓரத்தில் எழுதி எழுதி அடித்தான். கடைசியில் 12 × 21 கிடைத்தது. விடை 12, 21 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டான்.

இரண்டும் முழு எண். இரண்டும் மிகை எண். பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. 21ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். √25 என்பது 5, 21 + 5 = 26, அதன் மூலம் 4 இல்லை. "எங்கேயும் தப்புச் செய்யவில்லையே அங்கிள்?" என்று கேட்டான். உண்மை, அவன் ஒரு வரியிலும் தப்புச் செய்யவில்லை. √(ப + 4) = 16 − ப என்ற வரியில் 21ஐ வைத்தால் இடப்பக்கம் 5, வலப்பக்கம் −5. வர்க்கப்படுத்திய அந்த நொடியில் இரண்டும் 25 ஆகிவிட்டன. வேறுபாடு அங்கே அழிந்து, அதற்குப் பிறகு எத்தனை கவனமாகப் போனாலும் திரும்பி வரவில்லை.

மகள் உள்ளே இருக்கும் மூலத்துக்குப் பெயர் வைத்தாள். √(ப + 4) = ம. அப்படியானால் ப = ம² − 4. கணக்கு ம² − 4 + ம = 16 என்று மாறியது, அதாவது ம² + ம − 20 = 0. 252க்குப் பதிலாக 20. (ம + 5)(ம − 4) = 0. ம என்பது −5 அல்லது 4. மூலம் குறை எண்ணாக இருக்காது, ஆகவே 4. ப = 16 − 4 = 12. முடிந்தது.

இப்போது −5ஐ மட்டும் விடாமல் பிடித்துப் பாருங்கள். (−5)² − 4 எவ்வளவு? 21. பையனை ஏமாற்றிய அதே போலி விடைதான். ஒரு வழியில் அது 21 என்ற நல்ல முகத்தோடு வந்து நின்றது. இன்னொரு வழியில் −5 என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தது. நான் பெயர் வைக்கும் வழிக்குச் சாய்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வரிகள் குறைவது, எண்கள் சிறுத்துப்போவது எல்லாம் கூடுதல் வசதி.

சரிபார்த்தல் என்பதை நாம் பிள்ளைகளிடம் கடைசியில் செய்ய வேண்டிய ஒரு சடங்கு போலச் சொல்கிறோம். மெட்ரிக் என்று இங்கே சொல்லும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் கணிதத்தின் முதல் தாள் மூன்று மணி நேரம், 150 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 72 விநாடி. 252ஐப் பிரிக்கவே அதைத் தாண்டிவிடுகிறது. களைத்துப்போன பிள்ளை திரும்பிப் போய் இரண்டு விடையையும் அடுக்கு மூலத்தில் வைத்துப் பார்க்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் மேசையில் வாரா வாரம் பார்க்கிறேன், முதலில் விட்டுப்போவது அந்த ஒரு வரிதான். பெயர் வைக்கும் வழியில் சரிபார்ப்பு தனி வேலையாக நிற்பதில்லை, தீர்வுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. விடையை ஒருமுறை மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பது அப்போதும் நல்லதுதான், ஆனால் அதை மறந்தவனும் பிழைத்துக்கொள்வான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெயர் வைக்கும் அதே வரியில் ம ≥ 0 என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் −5ஐயும் அப்பாவியாக 21 ஆக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். என் மகளே இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறாள்.

கால்குலேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. √(5 + 2√6) என்று தட்டினால் 3.146264 என்று வரும். அது √3 + √2 என்பது அந்த எண்ணைப் பார்த்துத் தெரியாது. தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாடில் கால்குலேட்டருக்கு அனுமதியும் இல்லை.

தெரியாத எண்ணே இல்லாத அடுக்கு மூலங்களில் கதை கொஞ்சம் வேறு. √(16 + 2√55) என்பதை உடைக்க வேண்டும் என்றால், கூட்டினால் 16, பெருக்கினால் 55 வரும் இரண்டு எண்களைத் தேடினால் போதும்: 11, 5. விடை √11 + √5. இதுவும் ஒருவகையில் பெயர் வைப்பதுதான், ஒன்றுக்குப் பதில் இரண்டு பெயர். இந்த விகிதமுறா மூலங்களைக் 'கரணி' என்று அழைத்து, அவற்றின் வர்க்கமூலம் காணும் விதியைப் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். எல்லா அடுக்கும் உடையாது. √(5 + 2√5) எடுத்தால் கூட்டல் 5, பெருக்கல் 5. அப்படி இரண்டு முழு எண்கள் இல்லை, பின்னமும் இல்லை. முதலில் கூட்டலின் வர்க்கத்திலிருந்து பெருக்கலின் நான்கு மடங்கை 5² − 20 = 5 என்று கழித்து, வந்தது முழு வர்க்கமா என்று பார்த்துவிட்டால் வீண் தேடல் மிச்சம்.

இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. √(9 − 4√5) என்றால், 4√5 என்பது 2√20, ஆகவே பெருக்கல் 20, கூட்டல் 9: 5, 4. பிள்ளைகள் 2 − √5 என்று எழுதுகிறார்கள். அது குறை எண். பெரியதை முன்னே வைத்து √5 − 2 என்று எழுத வேண்டும். பெயர் வைத்தாலும் வர்க்கப்படுத்தினாலும், மூலத்தின் குறியை மறந்தவனை இந்த வகைக் கணக்கு விடுவதில்லை.

வர்க்கப்படுத்தும் வழிக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. √(11 + 6√2) + √(11 − 6√2) என்று இணைகள் இரண்டும் சேர்ந்து நின்றால், மொத்தத்தையும் ஒருமுறை வர்க்கப்படுத்துங்கள். 22 + 2√(121 − 72), அதாவது 22 + 14 = 36. விடை 6. இரண்டு மூலமும் மிகை எண் என்பதால் −6க்கு இடமே இல்லை. பையன் இதை என் மகளுக்கு முன்னால் முடித்துவிட்டான்.

முடிவில்லாத அடுக்கு வந்தால் வர்க்கப்படுத்தும் வழி நின்றுவிடும். √(12 + √(12 + √(12 + …))) என்பதை எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் உள்ளே இன்னொரு மூலம் காத்திருக்கும். பெயர் வைத்தால் ஒரே வரி: மொத்தமும் ம என்றால் உள்ளே இருப்பதும் அதே ம. ம² = 12 + ம. ம = 4. −3ஐப் பார்த்தவுடன் தள்ளலாம். 3.4641, 3.9324, 3.9915 என்று அடுக்கு ஏற ஏற 4ஐ நெருங்குவதைப் பிள்ளைகளே போட்டுப் பார்த்தார்கள். பெயர் வைக்கும் முன் அந்த அடுக்கு ஓர் எண்ணில் போய் நிற்கிறது என்று உறுதி செய்துகொள்வதுதான் முறை. வீட்டில் நான் இந்த மூன்று எண்களோடு நிறுத்திக்கொண்டேன்.

கும்பகோணத்துக்காரன் என்பதால் இந்த இடத்தில் ராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் கேட்ட கேள்வி: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) எவ்வளவு? விடை 3. பிள்ளைகளுக்கு அதைப் பின்னாலிருந்து காட்டினேன். 3 என்பது √(1 + 2 × 4). அந்த 4 என்பது √(1 + 3 × 5). அந்த 5 என்பது √(1 + 4 × 6). மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் தானாகவே 6ஐ உடைத்து √(1 + 5 × 7) என்று எழுதினாள்.

முடிவுள்ள அடுக்கில், எல்லா இடத்திலும் ஒரே முழு எண் ப இருந்து, மொத்தமும் முழு எண்ணாக வர வேண்டும் என்று கேட்டால் சுவையான ஒன்று நடக்கிறது. √(ப + √ப) முழு எண் என்றால் √ப-யும் முழு எண்ணாக வேண்டும். அதற்கு ம என்று பெயர் வைத்தால் உள்ளே ம² + ம. அது ம²ஐவிடப் பெரியது, (ம + 1)²ஐவிடச் சிறியது. அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே மூன்றாவது வர்க்கம் நுழைய முடியாது. ஆகவே 0 தவிர விடையே இல்லை. அடுக்கு எத்தனை உயரமானாலும் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வந்தால் இதே இடத்தில்தான் வந்து நிற்கும். வர்க்கப்படுத்திக்கொண்டே போயிருந்தால் இந்தக் காட்சி கண்ணில் பட்டிருக்காது.

கனமூலத்தில் என் அனுபவம் நான்கைந்து கணக்கோடு சரி, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ∛(20 + 14√2) + ∛(20 − 14√2) என்பதில் கூட்டலுக்கு ம என்று பெயர். இரண்டின் பெருக்கல் ∛(400 − 392) = 2. ம³ = 40 + 6ம என்று வந்து, ம = 4 பொருந்துகிறது. மிச்சம் இருக்கும் ம² + 4ம + 10க்கு மெய்யெண் மூலம் கிடையாது. இங்கேயும் பெயர் வைத்ததுதான் காப்பாற்றியது. மூன்றடுக்கு, நான்கடுக்குக் கணக்குகளில் தெரியாத எண் வந்தால் இரண்டு வழியும் நாற்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடலாம். அங்கே எது மேல் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் போட்டுப் பார்த்ததில்லை. மேலும் நான் பார்த்தது இரண்டே பிள்ளைகளை.

போன சனிக்கிழமை √(ப + √(ப + 5)) = 5 என்று எழுதிக் கொடுத்தேன். பையன் நோட்டில் முதல் வரியிலேயே ம ≥ 0 என்று எழுதினான். ம² + ம − 30 = 0 வரை வந்தவன் பேனாவை நிறுத்தி, பழைய பக்கத்தைப் புரட்டி, 12ஐயும் 4ஐயும் பார்த்தான். முடிவில்லாத அடுக்கிலும் 12 வைத்தால் 4, அந்தப் பழைய கணக்கிலும் 4 வைத்தால் 12. கீழே 20 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"அப்படியென்றால் ஆறுக்கு 30 தானே, அங்கிள்?"