கெர்னல் மாற்றியதும் பிஎஸ், டாப் விழுகிறதா: பழைய கெர்னலா, புதிய வேர்ல்டா?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கெர்னலை (அதன் மையப் பகுதியை) மட்டும் புதுப்பித்தால், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ், டாப் கருவிகள் "ப்ராக் சைஸ் மிஸ்மேட்ச்" என்று நின்றுவிடலாம். ப்ராசஸ் விவரம் தரும் கட்டமைப்பின் அளவு கெர்னலில் மாறியிருக்கும். கருவிகள் பழைய அளவையே எதிர்பார்க்கும். தீர்வு இரண்டு: பழைய கெர்னலுக்குத் திரும்புவது, அல்லது வேர்ல்டை (கெர்னல் தவிர்த்த அடிப்படைக் கருவிகள், லைப்ரரிகள்) புதிதாகக் கட்டி நிறுவுவது.

நேரம்
பழைய கெர்னல்: லோடரில் (கெர்னலை ஏற்றும் தொடக்க நிரலில்) "பூட் கெர்னல்.ஓல்ட்", ஒரே ரீபூட். கெர்னல்.ஓல்ட் என்பது முந்தைய கெர்னலின் நகல்.
புதிய வேர்ல்டு: வேர்ல்டைக் கட்டும் பில்ட்வேர்ல்டு கட்டளை மணிக்கணக்கில் ஓடலாம்.

சிக்கல்
பழைய கெர்னல்: கெர்னலை நிறுவும் இன்ஸ்டால்கெர்னல் கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் கெர்னல்.ஓல்ட் அழிந்து, கையிலிருந்த நல்ல கெர்னலும் போய்விடும். முன்பே வேறு பெயரில் நகலெடுங்கள். இதை மறக்கவே கூடாது.
புதிய வேர்ல்டு: கெர்னலைக் கட்டிய அதே சோர்ஸிலிருந்து கட்டுங்கள்.

சர்வர் உடனே எழ வேண்டுமா, பழைய கெர்னல். பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமா, வேர்ல்டுதான். வேர்ல்டை நிறுவும் இன்ஸ்டால்வேர்ல்டு முடிந்தபின் பழைய கெர்னலுக்குத் திரும்பாதீர்கள்: புதிய கருவிகள் கேட்கும் சிஸ்டம் கால் (கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்பு) அதில் இல்லாமல் போகலாம்.