லிப்ரே சென்சர்: மலைப்பக்கம் ஒரு டைப் வன் பிள்ளையோடு பாவித்துப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் டைப் வன் நீரிழிவோடு (உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை) ஒரு பிள்ளை இருக்கிறது, எப்படியோ கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, வெளிநாட்டில் இருக்கிற மாமா ஒருவர் உதவுகிறேன் என்கிறார், உடம்புக்குள் இன்சுலினைச் செலுத்துகிற பம்ப் வாங்குவதா, தோலில் ஒட்டிச் சீனியை அளக்கிற சென்சர் வாங்குவதா? நீங்கள் தலவாக்கலை, அட்டன், பொகவந்தலாவை, பண்டாரவளை என்று மலைப்பக்கம் இருப்பவர் என்றால் சென்சரை வாங்குங்கள். பம்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

நாங்கள் பாவிப்பது அபொட் கம்பனியின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2. மகளின் மேல்கைக்குப் பின்பக்கம் வட்டமாக ஒட்டியிருக்கும். அகலம் 35 மில்லிமீட்டர், தடிப்பு 5 மில்லிமீட்டர், தோலுக்குள்ளே போவது நூல் மாதிரி மெல்லிய ஒரு இழை மட்டும். ஒட்டும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், மகள் அதற்கு முகம் சுளிப்பதுகூட இல்லை. ஒட்டி ஒரு மணி நேரம் கழித்து வேலை செய்யத் தொடங்கி 14 நாள் ஓடும். போனில் என்எஃப்சி, அதாவது கிட்டக் கொண்டுபோனாலே சென்சரை வாசிக்கிற வசதி, இருக்க வேண்டும், மலிவான போன்கள் பலவற்றில் அது இருக்காது, இல்லையென்றால் இதற்கென்று உள்ள ரீடரைத் தனியாக வாங்க வேண்டிவரும், ஆகவே காசைக் கட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2014இல் ஐரோப்பாவில் முதலில் வந்த லிப்ரேயில் அலாரம் கிடையாது. பெட்டியில் 2 என்று இருக்கிறதா பாருங்கள். இரவில் அந்த அலாரத்துக்காகத்தான் இவ்வளவு காசு கொடுக்கிறோம்.

மலையில் சீனி பார்க்க விரல் குத்துவது ஒரு தனிக் கஷ்டம், கீழே இருப்பவர்களுக்கு அது விளங்காது. தை மாசியில், நுவரெலியாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்துக் கிடக்கும் விடியலில், பிள்ளையின் விரல் நுனி விறைத்துப்போய் இருக்கும். குத்தினால் இரத்தம் வராது. பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் ஒரு பொட்டு வரும், அது குளுக்கோமீட்டரில் போடுகிற ஸ்ட்ரிப்புக்குப் போதாது, எரர் காட்டும், ஒரு ஸ்ட்ரிப் வீண். சுடுதண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்திருக்கக் கொடுத்து, தேய்த்துவிட்டு, மறுபடி இன்னொரு விரல். ஸ்கூல் வேன் கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும். சென்சர் வந்த பிறகு இதில் முக்கால்வாசி எங்கள் வீட்டில் இல்லாமல் போய்விட்டது. துணிக்கு மேலாலேயே ஸ்கேன் பண்ணலாம் என்பது இந்தக் குளிரில் எவ்வளவு பெரிய விஷயம்! கம்பளியை விலக்க வேண்டாம், சுவெட்டர் கையை மடிக்க வேண்டாம், போனைக் கைப்பக்கம் கொண்டுபோனால் லேசாக அதிரும், எண் வந்துவிடும். நடுச்சாமத்தில் பிள்ளை புரண்டுகூடப் படுக்காது.

சென்சர் சரியாக வேலை செய்ய வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர் இரவில் வெளியே அதற்குக் கீழேயும் போகும், ஆனால் உடம்போடு ஒட்டிக் கம்பளிக்குள் இருக்கிற சென்சருக்கு அந்தக் குளிர் படாது. ரீடரை ஜன்னலோரம் வைக்காதீர்கள், அதுக்கும் அதே கணக்குத்தான்.

அலாரத்தை, சீனி 70க்குக் கீழே (இங்கே எல்லா எண்ணும் டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கு) இறங்கினால் அடிக்கும்படி வைத்திருக்கிறோம். சென்சருக்கும் போனுக்கும் நடுவில் ஆறு மீட்டருக்குள் இருக்க வேண்டும், லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அது ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்கூலில் விளையாட்டுப் போட்டிக்கு ஓடிய நாட்களில் பின்னேரமெல்லாம் 150, 160 என்று நன்றாக இருக்கும், எல்லாரும் நிம்மதியாகப் படுப்போம், இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு அடிக்கும். ஓடிக் களைத்த தசைகள் இழந்த சீனியை இரத்தத்திலிருந்து மெதுமெதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதால் வருவது அது, டொக்டர் சொல்லித்தான் எங்களுக்கும் தெரியும். சொல்லிக் கேட்பது வேறு, கோடு சரிவதை நள்ளிரவில் போனில் பார்ப்பது வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி சோதனையில் இது எதுவும் தெரியாது. மேலே போனதும் கீழே போனதும் கலந்து ஒரு சராசரி வரும், ரிப்போர்ட்டைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.

எண்ணைவிட அம்புக்குறிதான் எனக்குப் பெரிது. கிடையாக நின்றால் பெரிய மாற்றமில்லை. சாய்ந்து இறங்கினால் நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை குறைகிறது. நேர் கீழே காட்டினால் இரண்டுக்கும் மேல், அதாவது இப்போது 110 என்று காட்டினாலும் இருபது நிமிடத்தில் 70க்கு வந்து நிற்கக்கூடும். குளுக்கோமீட்டர் 110 என்று மட்டும் சொல்லும், நாமும் சரி நல்ல எண் என்று பையை மாட்டி அனுப்பிவிடுவோம். என் அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, சின்ன வயதிலிருந்து கொழுந்தெடுத்த மனுசி, ஆனால் நான் வேலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்ப்பது அவர்தான். "அம்மாயி, அம்பு எங்க பாக்குது?" என்று மகள் கேட்பாள், "கீழ பாக்குதும்மா, உக்காரு, மொதல்ல இதக் குடி" என்று குளுக்கோஸ் கரைத்த தம்ளரை நீட்டுவார். இதற்கு மேல் ஒரு கருவியிடம் நான் என்ன எதிர்பார்ப்பது?

சென்சர் எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததில் முக்கியமானது ஸ்கூல் விட்டு வரும் ஏற்றம். எங்கள் லயம் ரோட்டுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் படிக்கட்டுப் பாதை. காலையில் இறங்குவாள், பின்னேரம் அதே பாதையில் புத்தகப் பையோடு ஏறுவாள். வந்ததும் எரிச்சல், அழுகை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவது, நாங்கள் களைப்பு என்றே எடுத்துக்கொண்டோம், யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். கிராஃபைப் பார்த்தால் ஸ்கூல் நாள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கோடு சரிகிறது, சனி ஞாயிறில் சரியவில்லை. அவள் காலையில் போடுவது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் இன்சுலின், தெளிந்தது ஒன்று, கலங்கலானது ஒன்று. அந்தக் கலங்கல், ஐசோஃபேன் என்பது, போட்டு நாலு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்தில் வேலை செய்யும். காலை ஆறு மணிக்குப் போட்டால் ஸ்கூல் விடும் நேரம் அதன் உச்சத்துக்குள் விழுகிறது, மேலே இந்த ஏற்றமும் சேர்கிறது. கிளினிக்கில் டொக்டர் போனை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்த உடனே விசயம் பிடிபட்டுவிட்டது, காலை அளவைக் கொஞ்சம் குறைத்தார், ஏறுவதற்கு முன் இரண்டு பிஸ்கட் சாப்பிடச் சொன்னார். பின்னேர அழுகை நின்றுவிட்டது. அதைப் பிள்ளையின் குணம் என்று நினைத்திருந்தோமே என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கும்.

ஸ்கூலுக்கு நாங்கள் போன் கொடுத்துவிடுவதில்லை. சென்சர் எட்டு மணி நேரத்துக் கணக்கைத் தனக்குள் வைத்திருக்கும், வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை ஸ்கேன் பண்ணினால் கோடு அறுந்துபோகாது. ஆனால் போன் வீட்டில் இருந்தால் சென்சர் அதற்கு எட்டாது, சீனி இறங்கினாலும் அலாரம் அடிக்காது, ஆகவே பையில் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பக்கட்டும் கட்டாயம், வகுப்பு டீச்சருக்கும் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

சரி, நம்பக்கூடாத இடங்கள். இது இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்குக் கீழே திசுக்களுக்கு நடுவில் இருக்கிற திரவத்தை அளக்கிறது, அதனால் ஐந்து பத்து நிமிடம் பிந்தி வரும். இதில் பெரிய ஆபத்து சீனி குறைந்த நேரத்தில்தான். 15 கிராம் குளுக்கோஸ், மூன்று தேக்கரண்டி அளவு, கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சென்சர் இன்னும் 60 என்றே காட்டலாம், பிள்ளைக்கு அதற்குள் ஏறியிருக்கும். பயத்தில் இன்னும் இன்னும் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் 280, 300. அந்தக் கட்டத்தில் விரலைத்தான் குத்திப் பார்க்க வேண்டும். அடுத்தது, சென்சர் இருக்கிற கைமேல் படுத்தால் அந்த இடம் அழுந்தி, இல்லாத இறக்கத்தைக் காட்டும், இது எந்தக் கம்பனியின் சென்சருக்கும் பொதுவானது. குளிருக்கு எல்லாரும் ஒட்டிக்கொண்டு படுக்கிற வீடுகளில் இது நிறைய நடக்கும். பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து படுக்கும் என்று பார்த்து மற்றக் கையில் ஒட்டுங்கள். சளி, தடிமனுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற விட்டமின் சி வில்லைகளும் கவனம், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒட்டிய முதல் நாள் எண்ணையும் அரைகுறையாகத்தான் நம்ப வேண்டும்.

ஒட்டுப் பிடிப்பதற்கு நம் ஊர் மழை ஒரு சோதனை. கையில் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் ஒட்டுகிற இடத்தை வெறும் சோப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள், ஈரத்தில் ஒட்டவே வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அரை மணி நேரம் தண்ணீரைத் தாங்கும், குளிக்கலாம், மழையில் நனையலாம். ஆனால் நனைந்த சுவெட்டரை இழுத்துக் கழற்றும்போதும், பையின் பட்டியை மாட்டும்போதும்தான் பிடுங்கிக்கொண்டு வரும். சென்சர் இல்லாத கையை முதலில் கழற்றப் பழக்கினால் போதும்.

விலை கூடத்தான். தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 2024இல் 1350 ரூபாய் ஆனது, அந்தக் கணக்கில் ஒரு சென்சருக்குப் பத்து நாள் சம்பளத்துக்கு மேல் போகும், அது 14 நாளில் முடிந்துவிடும். நாங்களும் விடாமல் ஒட்டுவதில்லை. கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின இரண்டு வாரம், இன்சுலின் அளவு மாற்றின பிறகு, விளையாட்டுப் போட்டிப் பருவம், இப்படிப் பார்த்து ஒட்டுகிறோம். இடையில் பழையபடி விரல்தான், சென்சர் சொல்லித்தந்த நேரங்களில் குத்துகிறோம் என்பதுதான் வித்தியாசம். இன்சுலினை இலவசமாகத் தருகிற இந்த நாடு, டைப் வன் பிள்ளைகளுக்கு வருடத்துக்குச் சில சென்சராவது தர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பம்புக்கு வருகிறேன். கண்டியில் என் நாத்தனார் மகனிடம் இருக்கிறது, சென்சரோடு பேசி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கிற வகை. அவன் விடியும்வரை தூங்குகிறான், சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு மாச்சத்து என்று மட்டும் தட்டிவிடுகிறான். நல்ல கருவிதான். ஆனால் பம்புக்குள் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும், நீண்ட நேரம் நிற்கிற இன்சுலின் உடம்பில் எதுவும் இருக்காது. தோலுக்குள் இருக்கிற சின்னக் குழாய் மடிந்துபோனால் சில மணி நேரத்தில் சீனி ஏறி, இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் சேர்கிற கீட்டோன் என்ற அமிலம் வந்து, வாந்தியில் கொண்டுபோய் விடும். அவனுக்கு ஒருமுறை அப்படி ஆனது, வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி கிட்ட இருந்தது. நமக்கு? மழைக்கு மண் சரிந்து ரோட் மூடின இரவில் டவுனுக்கு எப்படி இறங்குவது? அந்தக் குழாய் செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், எல்லாம் இறக்குமதி. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கு அலைந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்சர் கிடைக்காவிட்டால் விரலைக் குத்திச் சமாளிக்கலாம், பம்ப் சாமான் கிடைக்காவிட்டால் ஊசிக்குத் திரும்பி அளவெல்லாம் புதிதாகப் போட வேண்டும். சென்சர் இல்லாத பம்புக்குப் பிள்ளையின் சீனி எவ்வளவு என்றும் தெரியாது. யாராவது பம்பே வாங்கித் தருகிறேன் என்றால் மறுக்க வேண்டாம், அது எந்தச் சென்சரோடு சேரும் என்று கேளுங்கள், எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. ஊசியையும் நீண்ட நேர இன்சுலினையும் வீட்டில் எப்போதும் வைத்திருங்கள்.

வாங்கும்போது ஒன்று. இங்கே பார்மசிகளில் எப்போதும் இருக்காது, கொழும்பிலிருந்து கூரியரில்தான் வரும். எங்களுக்கு ஒரு கடை காலாவதியாக ஒரு கிழமைகூட இல்லாத பெட்டியை அனுப்பியது, திருப்பி எடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு பெட்டியின் திகதி தெரியும்படி போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் காசு போடுகிறோம், பில்லும் கேட்டு வாங்குகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், முதல் தடவை ஒன்றே ஒன்று மட்டும் வாங்குங்கள்.