மாக்கிங்பேர்டை அடையாளம் காணச் செயலியும் பைனாகுலரும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பறவை நோக்கலில் ஈடுபடுபவர்களுக்கு, பிற பறவைகளின் குரலைப் பின்பற்றிப் பாடும் வடபுல மாக்கிங்பேர்டு (Northern Mockingbird) தேடிப் போக வேண்டிய பறவை அன்று. புல்வெளி, வேலி, வாகன நிறுத்துமிடத்து விளக்குக் கம்பம் என எங்கும் அது அமர்ந்திருக்கும். டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசி, ஆர்கன்சா, மிசிசிப்பி ஆகிய 5 மாநிலங்கள் அதையே தம் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. இவ்வளவு எளிதில் கண்ணில் படும் பறவைக்குக் கருவி எதற்கு என்று கேட்கலாம். அது இலைகளுக்குள் மறைந்து, வேறு பறவைகளின் குரலில் பாடத் தொடங்கும்போதுதான் கருவிக்கும் நமக்கும் சோதனை ஏற்படுகிறது. ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றையும், 8 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் கொண்ட பைனாகுலர் ஒன்றையும் பல ஆண்டுகளாக இந்தப் பறவையின் மீது பயன்படுத்தி வருகிறேன். இவற்றில் எது எவ்வளவு உதவியது என்பதே இந்தப் பகிர்வு.

முதலில் செயலி. இத்தகைய செயலிகள் ஒலியைச் சில நொடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் ஒலிவரைபடமாக (நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் படமாக) மாற்றி, தாம் கற்றுவைத்திருக்கும் வடிவங்களோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்கின்றன. தனக்கென ஒரே பாட்டு வைத்திருக்கும் பறவைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். ஆனால் ஆண் மாக்கிங்பேர்டு ஒன்று தன் வாழ்நாளில் ஏறத்தாழ 200 பாடல் துணுக்குகள் வரை கற்றுக்கொள்ளக்கூடியது. அவற்றில் பல, கார்டினல், கரோலினா ரென், நீல ஜே போன்ற அக்கம்பக்கத்துப் பறவைகளிடமிருந்து பெற்றவை. ஆகவே அது ஒரு நிமிடம் பாடினால் செயலியின் திரையில் முதலில் கார்டினல் தோன்றும், அடுத்து ரென், அதன்பின் ஜே. சற்றுப் பொறுத்தே மாக்கிங்பேர்டின் பெயர் வரும். ஐந்து நொடி கேட்டுவிட்டுப் பதிவை நிறுத்துபவருக்குச் செயலி பெரும்பாலும் வேறொரு பறவையையே காட்டியிருக்கும். இதைச் செயலியின் குறை என்று நான் கருதவில்லை. அதன் பட்டியலைப் படிக்கும் முறைதான் மாற வேண்டும். நான்கைந்து பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து, எந்த இரண்டும் ஒரே கணத்தில் ஒளிராமல், குரல் முழுவதும் ஒரே திசையிலிருந்து வந்தால், பாடுவது ஒற்றைப் பறவை என்று கொள்ளலாம். உண்மையாகவே பல இனங்கள் கூடிப் பாடும் விடியற்காலையில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டே இருக்கும்.

போலிக்குரல் மட்டும் போதிய சான்றாகாது. செம்பழுப்புத் திராஷர், சாம்பல்நிறக் கேட்பேர்டு என்னும் பறவைகளும் மாக்கிங்பேர்டின் மிமிடே குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவையும் பிற பறவைகளின் குரலைப் பின்பற்றுபவையே. இங்கே செயலியின் தீர்ப்பைக் காட்டிலும் அது வரைந்து காட்டும் ஒலிவரைபடமே எனக்கு அதிகம் பயன்படுகிறது. மாக்கிங்பேர்டு ஒரு துணுக்கை மூன்று முறைக்குக் குறையாமல் திருப்பிச் சொல்லிவிட்டே அடுத்ததற்குச் செல்வது வழக்கம். திராஷர் பொதுவாக இரண்டிரண்டாகச் சொல்லும். கேட்பேர்டு திருப்பிச் சொல்வதே அரிது, இடையிடையே பூனையைப் போலக் கத்தும். திரையில் ஒரே வடிவம் நான்கு முறை வரிசையாக நகர்ந்து, அதன்பின் முற்றிலும் வேறொரு வடிவம் நான்கு முறை வந்தால் ஐயத்திற்கு இடமே இல்லை. இந்தத் தாவல்களும் தாறுமாறானவை அல்ல என்பதை டினா ரோஸ்கே, டேவிட் ரோத்தன்பர்க், டேவிட் கேமன் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: ஒரு துணுக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது பறவை குரலின் தன்மையையோ சுருதியையோ மாற்றுகிறது, அல்லது ஒலியை நீட்டுகிறது, அல்லது சுருக்குகிறது. இதை அறிந்த பின் ஒலிவரைபடத்தைப் பார்ப்பவருக்கு, கார்டினலின் குரலுக்கு அடுத்து ஏன் குறிப்பிட்ட இன்னொரு குரல் வருகிறது என்பது பல இடங்களில் விளங்கும். பறவையின் பெயரைத் தெரிந்துகொள்வதை விட இது சுவையான வேலை.

காற்றும் போக்குவரத்து இரைச்சலும் செயலியைத் தடுமாற வைக்கும். அது எல்லாப் பறவைக்கும் பொது. இரவில் அந்தத் தொல்லை குறைவு. இரவில் பாடுபவை பெரும்பாலும் இணை சேராத ஆண்கள். முழுநிலவுக் காலத்தில் அவற்றின் பாட்டு மிகும். போட்டிக்குரல்கள் அடங்கிய அந்த நேரத்துப் பதிவுகளே என் சேமிப்பில் மிகத் தெளிவானவை.

பைனாகுலரைப் பொறுத்தவரை, 10 மடங்குக் கருவியை விட 8 மடங்கையே நான் பரிந்துரைப்பேன். இந்தப் பறவை புல்லில் ஓடி, நின்று, மறுபடி ஓடும். அகன்ற பார்வைப்பரப்பு இல்லாவிட்டால் பின்தொடர இயலாது. மேலே சாம்பல், கீழே வெண்மை கலந்த சாம்பல், நீண்ட வால், மெலிந்த அலகு, இறக்கையில் இரண்டு வெண்பட்டைகள், 21 முதல் 26 செ.மீ. நீளம்: இவ்வளவே தோற்றம். பறக்கும்போது இறக்கையில் பெரிய வெண்திட்டு மின்னும். வாலின் வெளி இறகுகளும் வெண்மையாகத் தெரியும். தொலைவில் குழப்பக்கூடியது லாகர்ஹெட் கீச்சான். அதற்கும் சாம்பல் உடலும் இறக்கையில் வெண்மையும் உண்டு. ஆனால் கண்ணை மூடிய கறுப்புப் பட்டையும் பருத்த தலையும் கொக்கி போன்ற அலகும் அமர்ந்த மறுகணமே அதைக் காட்டிக்கொடுக்கும். இளம் மாக்கிங்பேர்டின் மார்பில் புள்ளிகள் இருப்பதால், கோடையில் அதைத் திராஷர் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. தரையில் இரை தேடும்போது பறவை இறக்கைகளைப் படிப்படியாக வெட்டி வெட்டி விரிப்பதையும் பைனாகுலரில் பார்க்கலாம். பூச்சிகளைக் கிளப்புவதற்காக என்பது ஒரு விளக்கம், எனினும் அறிஞர்களிடையே முடிவான கருத்து இல்லை.

அந்த வெண்திட்டு எல்லா இடத்திற்கும் பொருந்தும் அடையாளம் அன்று. தென் ஃபுளோரிடாவில் எப்போதாவது வந்து சேரும் பஹாமா மாக்கிங்பேர்டுக்கும், தெற்கு மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை காணப்படும் வெப்பமண்டல மாக்கிங்பேர்டுக்கும் அது இல்லை. செயலியில் இருப்பிடத்தைச் சரியாகக் கொடுப்பது இதனால்தான் முக்கியம். கலாபகஸ் தீவுகளில் நிலைமை இன்னும் எளிது: அங்குள்ள 4 மாக்கிங்பேர்டு இனங்களுக்கு (அவற்றில் மூன்றைத் தீவுக்குத் தீவு வேறுபட 1835-இல் டார்வின் கண்டார்), எந்தத் தீவில் நிற்கிறோம் என்பதே ஏறக்குறைய முழு விடையாகிவிடும்.

கூட்டை நெருங்குவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. கூடுகள் பெரும்பாலும் தாழ்ந்த புதர்களில், ஆள் உயரத்தை ஒட்டியே இருப்பதால் தற்செயலாகவே அருகில் போய்விடுவோம். ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் டக்ளஸ் லீவியும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மனிதர் 4 நாட்கள் தொடர்ந்து கூட்டில் கைவைத்தபோது பறவைகள் நாளுக்கு நாள் முன்னதாகவே எழுந்து எதிர்த்தன. 5-ஆம் நாள் வேறொருவர் சென்றபோது முதல் நாள் நடந்துகொண்டது போலவே நடந்துகொண்டன. ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும் பறவையின் எல்லைக்குள் அடிக்கடி செல்பவர், அதன் இயல்பான நடத்தையைப் பார்க்கும் வாய்ப்பையே இழந்துவிடுவார். சேமித்த பாடலை வெளியே ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் கூடு கட்டும் பருவத்தில் தவிர்க்கிறேன். பாடலைப் பதிவு செய்ய இலையுதிர் காலமும் நல்ல காலமே. குளிர்கால எல்லையைக் காக்க அப்போது பெண் பறவைகளும் பாடும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதாலும், செயலி பாலினத்தைப் பிரித்துச் சொல்லாததாலும், அந்த மாதங்களின் பதிவுகளில் பாலினக் கட்டத்தை நான் காலியாகவே விட்டுவிடுகிறேன்.