நனைந்த பிளக்: பிங்கர்போஸ்ட் ஒர்க்‌ஷாப் அனுபவம்

ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் கார் கிளம்பாவிட்டால் எல்லோரும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. சைலன்சர் பக்கம் போனால் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது.

முதலில் நான் அழைத்த சர்வீஸ் நிலையத்தில், வண்டியைப் பார்க்காமலேயே, "பெட்ரோல் பம்ப் போயிருக்கும், கோவைக்கு ஏற்றி அனுப்புங்கள்" என்றார்கள். பெட்ரோல் வராமலா இவ்வளவு நெடி அடிக்கும்? இன்றும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

பிறகு ஊட்டி பிங்கர்போஸ்டில் உள்ள சிறிய ஒர்க்‌ஷாப்பை அழைத்தேன். "அம்மா, நேற்று கடைசியாக வண்டி எவ்வளவு நேரம் ஓடியது?" என்பதுதான் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி. கேரட் ஏற்ற வந்த லாரிக்கு வழிவிட, காரை ஷெட்டிலிருந்து பத்தடி நகர்த்தி உடனே அணைத்திருந்தேன். "இனி சாவியைத் திருப்பாதீர்கள், வருகிறேன்" என்றார்.

வந்ததும் மின்சாரம் தரும் காயில்களைக் கழற்றி, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான்காவதை என் கையில் வைத்தார். நுனியில் பீங்கானைச் சுற்றி ஈரம் பளபளத்தது. விரலில் ஒட்டியது பெட்ரோல்தான். குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது என்பதால், இன்ஜின் சூடாகும்வரை காரின் கம்ப்யூட்டர் கூடுதலாகவே தெளிக்கும். சூடாகும் முன் அணைத்தால் அது எரியாமல் தங்கிப் பிளக்கை நனைத்துவிடும். தீப்பொறி எடுபடாது. நாம் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவதால் இன்னும் நனையும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலமும் கழுவப்பட்டு அழுத்தம் குறையும்.

பிளக்குகளைக் காயவைத்து மாட்டிய பின், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். காற்று மட்டும் புகுந்து உள்ளே உலர்த்தும். பத்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாம் முறை இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது. உடனே காலைத் தளர்த்தச் சொன்னார்.

அதோடு கிளம்பிவிடவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்து, ஆயிலில் பெட்ரோல் கலந்திருப்பதால் மாற்றிவிடுவது நல்லது என்றார். வற்புறுத்தவில்லை, மறுநாள் நானே கொண்டுபோய் மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு 700 ரூபாய்தான் வாங்கினார்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஞாயிறு விடுமுறை. இடம் குறுகல், மூன்றாவதாகப் போகும் வண்டி சாலையோரச் சரிவில்தான் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுங்கள்.