வாலண்டியர் ஆப் ஒரு சீசன் ஃபுல்லா யூஸ் பண்ணியாச்சு, 5க்கு 3 ஸ்டார்

எங்க கிளப்ல பசங்களுக்கு ஃபுட்பால், அத்லெடிக்ஸ் ரெண்டும் இருக்கு, வாலண்டியர்ஸுக்கு டூட்டி போடுற வேலை என் தலையில. வாட்ஸ்அப் குரூப்ல "சனிக்கிழமை யாரெல்லாம் வரீங்க"ன்னு போட்டா எல்லாரும் படிப்பாங்க, ஒருத்தர் கட்டைவிரல் போடுவார், அவரும் வரமாட்டார். அதனாலதான் இந்த ஆப்புக்கு காசு கட்டினோம். பேர் சொல்லல, இந்த டைப் ஆப் எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான்.

நல்லது முதல்ல. முந்தின நாள் ரிமைண்டர் வருது, வர முடியலன்னா இன்னொருத்தர்கிட்ட நேரா டூட்டிய மாத்திவிட்டுடலாம், நடுவுல நான் தேவையே இல்ல. வேலைய ஒரு ஒரு மணி நேரமா பிரிச்சுப் போடலாம், இது பெரிய விஷயங்க, "நாள் ஃபுல்லா இருங்க"ன்னா தெறிச்சு ஓடுறவங்க "9ல இருந்து 10 வரைக்கும் லாங் ஜம்ப்ல டேப் பிடிங்க"ன்னா சரின்னுடுறாங்க. எப்போ முடியும்னு தெரியாததுதான் அவங்களுக்கு பயம்.

சேரும்போது ஏன் வாலண்டியர் பண்றீங்கன்னு ஆறு ஆப்ஷன் கேக்குது: உதவணும், கத்துக்கணும், நாலு பேரோட பழகணும், வேலைக்கு யூஸ் ஆகும், மனசு பாரம் குறையும், நம்மளப் பத்தி நமக்கே நல்லா தோணும். இது 1998ல கிளாரி, ஸ்னைடர்னு சைக்காலஜிஸ்ட்ஸ் டீம் போட்ட லிஸ்ட், அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க. தப்பில்ல, ஆனா எங்கள மாதிரி கிளப்ல முக்கால்வாசி பேர் வர்றதுக்கு காரணம் "என் புள்ள இங்க விளையாடுது", அது லிஸ்ட்லயே காணோம். புள்ள நின்னதும் அவங்களும் நின்னுடுவாங்க. நிக்காம வர்ற நாலஞ்சு பேர் எல்லாம் இங்க ஃப்ரெண்ட்ஸ் ஆனவங்க.

இப்ப கடுப்பான மேட்டர். ஒவ்வொரு டூட்டிக்கும் பாயிண்ட்டு, லீடர்போர்டு, கிஃப்ட் வவுச்சர். முதல் மாசம் செம ஜோர், அப்புறம் "கோன் எடுத்து வைக்கிறதுக்கு பாயிண்ட் உண்டா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. 2000த்துல வெளியான ஒரு ஆய்வுல நீஸி, ருஸ்டிகினின்னு ரெண்டு எகனாமிஸ்ட்ஸ் ஸ்கூல் பசங்கள நன்கொடை வசூலுக்கு அனுப்பிப் பார்த்தாங்க, 1 சதவீதம் கமிஷன் கிடைச்ச பசங்க ஒண்ணும் கிடைக்காத பசங்கள விட கம்மியாத்தான் வசூல் பண்ணாங்க. 10 சதவீதம் குடுத்தும் சும்மா போனவங்கள எட்டல. எங்க வவுச்சர் கதையும் அதேதான்.

கிரவுண்டுல விடியக்காலைல சுண்ணாம்புக் கோடு போடுற பெரியவர் ஒருத்தர் இருக்கார், அவர் பேரன் கிளப்ப விட்டே பல வருஷம் ஆச்சு. அவர் ஆப்பைத் திறக்குறதே இல்ல, அதனால பாயிண்ட் ஜீரோ. யாரோ விளையாட்டா "ஐயா நீங்கதான் கடைசி"ன்னு காமிச்சிருக்காங்க. அடுத்த வாரம் மேட்சுக்கு வந்து பார்த்தா கிரவுண்டுல கோடே இல்ல. வீட்டுக்குப் போய் கேட்டேன். "முதல்ல வரணும்னு ஆசை இல்லம்மா, ஆனா கடைசில எழுதி வெச்சிருக்கீங்களே"ன்னார். பதில் சொல்ல வாய் வரல.

திரும்ப வந்துட்டார். ஆப்பையும் அடுத்த சீசனுக்கு ரினியூ பண்ணிட்டோம், பாயிண்ட்ஸ ஆஃப் பண்ணிட்டு. அந்த பட்டன் செட்டிங்ஸ்ல எங்கயோ அடியில ஒளிஞ்சிருக்கு, தேடவே ரெண்டு நாள் ஆச்சு, அதுக்கே இன்னொரு அரை ஸ்டார் குறைச்சிருக்கணும்.