அஞ்சலக ஆர்டியா, எஸ்ஐபியா?

அப்பா தலைமுறைக்குச் சேமிப்பு என்றால் மாதாமாதம் கட்டும் அஞ்சலக ஆர்டி, அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பிபிஎஃப், அப்புறம் தங்கம். ஆர்டியில் 5 ஆண்டு முடிவில் கைக்கு எவ்வளவு வரும் என்று முதல் நாளே தெரியும். பிபிஎஃப் கணக்கு முதிர 15 ஆண்டு ஆகும். அந்தப் பூட்டைத்தான் அவர்கள் விரும்பினார்கள். கையில் இருந்தால் கரைந்துவிடும் என்ற பயம்.

இன்றைய பிள்ளைகள் முதல் சம்பளத்திலேயே 500 ரூபாய்க்கு எஸ்ஐபி போடுகிறார்கள், அதாவது மாதாமாதம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்டில் முதலீடு செய்கிறார்கள். சந்தை சரிந்தாலும் பலர் பதறுவதில்லை, அதே பணத்துக்குக் ஃபண்டில் கூடுதல் யூனிட் (பங்கு) கிடைக்கிறதே என்கிறார்கள். விலைவாசி வட்டியைத் தின்றுவிடும் என்று இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டது எனக்கு உண்மையிலேயே பெருமை.

கவலை வேறு இடத்தில். 2016-இல் வந்த யுபிஐ, நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் தயக்கத்தை எடுத்துவிட்டது. கடன் அப்பாவுக்கு மானப் பிரச்சினை. மகளுக்கு அது மாதத் தவணை, அவ்வளவுதான். போனுக்குக்கூட.

சரி, எதை எடுப்பது? 20 ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு எஸ்ஐபிதான். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அப்பா மாதிரி வங்கியில் தொடாமல் வையுங்கள். அங்கே 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.